சாஃப்ட்வேர் ஸ்லோவா இருக்கா? சர்வரை ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க!

காலை 10 மணி. கிளினிக் கவுன்ட்டரில் 15 பேர் நிற்கிறார்கள். டோக்கன் போடும் பெண் நோயாளியின் பெயரை டைப் செய்து என்டர் தட்டுகிறார். திரையில் அந்த வட்டம் சுற்றத் தொடங்குகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. "சர்வர் ஸ்லோ சார், கொஞ்சம் வெயிட் பண்ணுங்க..."

கிளினிக், மருந்து மொத்த விற்பனைக் கடை, ஜவுளிக் கடை, பள்ளி அலுவலகம் என எங்கே போனாலும் இந்த ஒரு வசனம் நமக்கு மனப்பாடம். ஆனால் அதற்குப் பிறகு உள்ளே நடப்பது பலருக்குத் தெரியாது.

சாஃப்ட்வேர் கொடுத்த நிறுவனத்துக்கு போன் போகும். "எங்க சாஃப்ட்வேர்ல ஒண்ணும் இல்ல சார், உங்க சர்வர் பழசு. ரேம் போடுங்க" என்பார்கள். ஹார்டுவேர் பார்ப்பவரைக் கூப்பிட்டால், "சர்வர் நல்லாத்தான் இருக்கு, அந்த சாஃப்ட்வேர்தான் வெயிட்டு" என்பார். நடுவில் மாட்டிக்கொண்ட முதலாளி, கடைசியில் லட்சக்கணக்கில் செலவு செய்து புது சர்வரே வாங்கிவிடுவார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அதே வட்டம், அதே சுற்று!

உண்மையில் 'ஸ்லோ' என்பது ஒரு கோளாறின் பெயர் இல்லை. காய்ச்சல் மாதிரி அது ஓர் அறிகுறி. சாஃப்ட்வேர் எங்கேயோ, எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். எதற்காகக் காத்திருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் செலவு செய்தால், பணம் போகும், வட்டம் போகாது.

இங்கே நாம் பார்க்கப் போவது சிறு, நடுத்தர அலுவலகங்களில் பரவலாக இருக்கும் அமைப்பு. ஒரு விண்டோஸ் சர்வர், அதில் மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல் சர்வர் டேட்டாபேஸ், அதோடு இணைந்த 10, 20 கம்ப்யூட்டர்கள். இதில் பாதியை நீங்களே பார்க்கலாம். மீதியை டெக்னீஷியனிடம் கேட்டு வாங்கலாம்.

முதல்ல ரீஸ்டார்ட் பட்டன்ல இருந்து கையை எடுங்க

சர்வர் ஸ்லோ என்றதும் எல்லோரும் செய்யும் முதல் வேலை ரீஸ்டார்ட். பல நேரம் அதனால் சரியாகவும் ஆகிவிடும். அதுதான் சிக்கலே!

எந்த வேலை எவ்வளவு நேரம் எதற்காகக் காத்திருந்தது, எந்தத் தேடலுக்கு இன்டெக்ஸ் இல்லை போன்ற கணக்குகளை எஸ்.க்யூ.எல் சர்வர் தனக்குள்ளேயே குறித்து வைத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் செய்தால் அந்தக் கணக்கில் பெரும்பகுதி பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். அதாவது, திருடன் வந்துபோன வீட்டை போலீஸ் வருவதற்கு முன்பே கழுவி விட்ட கதை. தவிர, ரேமில் சேர்த்து வைத்திருந்த டேட்டாவும் காலியாகிவிடுவதால், ரீஸ்டார்ட் ஆன முதல் அரை மணி நேரம் இன்னும் மெதுவாகக்கூட ஓடலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்லோவுக்குக் காரணம் சாகக் கிடக்கும் ஹார்டு டிஸ்க் என்றால், அந்த ரீஸ்டார்ட்டே அதற்குக் கடைசி ரீஸ்டார்ட்டாக ஆகிவிடலாம். அதனால் எதைத் தொடுவதற்கு முன்பும் ஒரே ஒரு கேள்வி: நேற்று இரவு பேக்கப் ஆனதா? அது வேறு டிஸ்க்கில் இருக்கிறதா? 'ஆகியிருக்கும்' என்ற பதில் செல்லாது. ஃபைலின் தேதியையும் அளவையும் கண்ணால் பாருங்கள்.

யாருக்கு ஸ்லோ? எப்போ ஸ்லோ? எந்த ஸ்கிரீன் ஸ்லோ?

ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கவுன்ட்டர் பக்கத்தில் வையுங்கள். ஸ்லோ ஆகும் ஒவ்வொரு முறையும் நேரம், எந்தக் கம்ப்யூட்டர், எந்த ஸ்கிரீன், எத்தனை விநாடி என்று எழுதச் சொல்லுங்கள். மூன்று நாள் போதும். சாதாரண வேலை மாதிரித் தெரியும். ஆனால் விலை கொடுத்து வாங்கும் பல கருவிகள் சொல்லாததை இந்த நோட்டு சொல்லிவிடும்.

ஒரே ஒரு கம்ப்யூட்டர் மட்டும் ஸ்லோ என்றால் சர்வரை விட்டுவிடுங்கள். அந்தக் கம்ப்யூட்டரையும் அதன் கேபிளையும் பாருங்கள். எல்லோருக்கும் ஸ்லோ, ஆனால் ஒரே ஒரு ரிப்போர்ட் எடுக்கும்போது மட்டும் என்றால், அந்த ரிப்போர்ட் எழுதப்பட்ட விதத்தில் பிரச்சினை. தினமும் சரியாக ஒரே நேரத்தில் ஸ்லோ ஆகிறதா? அந்த நேரத்துக்கு ஏதோ ஒரு வேலை டைமர் வைக்கப்பட்டிருக்கிறது. பேக்கப், ஆன்டிவைரஸ் ஸ்கேன் இரண்டையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இரவு 11 என்று நினைத்துப் பகல் 11-க்கு டைமர் வைத்த பேக்கப்புகள் நாட்டில் எத்தனையோ!

அடுத்து, காசே செலவில்லாத ஒரு சோதனை. சர்வர் இருக்கும் இடத்துக்கே போய், சர்வரிலேயே அந்த சாஃப்ட்வேரைத் திறந்து, அதே ஸ்கிரீனைப் பாருங்கள். அங்கே வேகமாகவும், கவுன்ட்டரில் மெதுவாகவும் இருந்தால் பிரச்சினை நடுவில் இருக்கும் நெட்வொர்க்கில். அங்கேயும் மெதுவாக இருந்தால் பிரச்சினை சர்வருக்குள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் சர்வர் வாங்கச் சொல்பவரை நம்பாதீர்கள்.

நெட்வொர்க்: ஒரு கம்பி அறுந்தா என்ன ஆகும்?

லேன் கேபிளுக்குள் 8 கம்பிகள், நாலு ஜோடிகளாக இருக்கும். நொடிக்கு 1 ஜிகாபிட் வேகத்துக்கு நாலு ஜோடியும் வேண்டும். ஆனால் 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். எலி கடித்தோ, நாற்காலிச் சக்கரம் ஏறியோ ஒரு கம்பி போனால், பல நேரம் இணைப்பு அறுந்துவிடாது. சத்தமில்லாமல் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கிவிடும். அறுந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இறங்கினால் வருடக்கணக்கில் தெரியாது. விண்டோஸில் நெட்வொர்க் அடாப்டரின் ஸ்டேட்டஸைத் திறந்தால் 'ஸ்பீட்' என்ற இடத்தில் இது தெரியும். குறிப்பாக சர்வரில் இருந்து சுவிட்சுக்கு வரும் கேபிளைப் பாருங்கள். அது 100-ல் ஓடினால், மொத்த அலுவலகமும் அந்த ஒற்றையடிப் பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

வைஃபை விஷயம் வேறு மாதிரி. "யூடியூப் வீடியோ நல்லா ஓடுதே, அப்புறம் ஏன் பில்லிங் மட்டும் ஸ்லோ?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வீடியோவுக்கு வேண்டியது அகலமான குழாய். டேட்டாபேஸ் சாஃப்ட்வேருக்கு வேண்டியது உடனடி பதில். ஒரு ஸ்கிரீனைத் திறக்க சாஃப்ட்வேர் 500 முறை சர்வரிடம் சின்னச் சின்னக் கேள்வி கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபிளில் ஒரு கேள்விக்கு 1 மில்லி விநாடி என்றால் மொத்தம் அரை விநாடி. சிக்னல் சரியில்லாத வைஃபையில் அதே கேள்விக்கு 20 மில்லி விநாடி ஆனால், மொத்தம் 10 விநாடி! இன்டர்நெட் பிளானை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்த 10 விநாடி குறையாது, ஏனென்றால் இதில் இன்டர்நெட்டுக்கு வேலையே இல்லை. பில்லிங் கம்ப்யூட்டருக்கு கேபிள் இழுப்பதுதான் வழி.

சர்வரை 'பிங்' செய்து பார்த்தால் இது தெரிந்துவிடும். நல்ல கேபிள் நெட்வொர்க்கில் பதில் நேரம் 1 மில்லி விநாடிக்குள் இருக்கும். 5, 40, 3, 110 என்று எண்கள் குதித்தால் அங்கேதான் வியாதி.

போகிற போக்கில் இன்னொன்று: பிரிவியூ ஸ்கிரீன் மட்டும் ஸ்லோவா? அந்தக் கம்ப்யூட்டரின் டீஃபால்ட் பிரின்டர், எப்போதோ கழற்றிப்போட்ட பழைய நெட்வொர்க் பிரின்டராக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் அதைத் தேடிவிட்டுத்தான் சாஃப்ட்வேர் அடுத்த வேலைக்கு வரும்.

ரேம்: 90 சதவீதம்னு காட்டினா பயப்படணுமா?

இனி சர்வருக்குள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். மெமரி 90 சதவீதம் என்று இருக்கும். "பார்த்தீங்களா சார், ரேம் ஃபுல்லு!" என்று டெக்னீஷியன் காட்டுவார்.

அவசரப்படாதீங்க. எஸ்.க்யூ.எல் சர்வரின் குணமே அதுதான். டிஸ்க்கில் இருந்து எடுத்த டேட்டாவை அடுத்த முறை உடனே கொடுப்பதற்காக ரேமில் சேர்த்து வைத்துக்கொண்டே போகும். விண்டோஸ் நெருக்கடி கொடுத்தால் ஒழிய, எடுத்த ரேமைத் திருப்பித் தராது. 32 ஜிபி இருந்தாலும் நிரப்பும், 64 ஜிபி போட்டாலும் நிரப்பும். அதனால் அந்த 90 சதவீதம் மட்டும் நோய்க்கு ஆதாரம் ஆகாது.

எப்போது ஆபத்து? எஸ்.க்யூ.எல் சர்வர் எவ்வளவு ரேம் எடுக்கலாம் என்று ஓர் உச்சவரம்பு வைக்கலாம். நிறைய இடங்களில் அது இன்ஸ்டால் செய்தபோது இருந்தபடியே 2147483647 எம்பி என்று கிடக்கும். அதாவது வரம்பே இல்லை. அதே சர்வரில் ஆன்டிவைரஸ், டேலி, ரிமோட் டெஸ்க்டாப்பில் நாலு பேர் என எல்லாம் ஓடினால், இடம் போதாமல் விண்டோஸ் ரேமில் இருப்பதை டிஸ்க்குக்குத் தள்ளித் தள்ளி எடுக்கும். அப்போது எல்லாமே நொண்டும். ரிசோர்ஸ் மானிட்டரில் மெமரி பக்கத்தில் 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' எண் தொடர்ந்து எகிறிக்கொண்டே இருந்தால் அது இதுதான். 32 ஜிபி சர்வரில் எஸ்.க்யூ.எல்லைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை என்றாலும், விண்டோஸுக்கு 4 முதல் 6 ஜிபி விட்டுவிட்டு உச்சவரம்பு வைப்பது நல்லது. வேறு சாஃப்ட்வேர்களும் ஓடினால் இன்னும் தாராளமாக விட வேண்டும்.

வாங்கின ரேமை தொடவே தொடாத டேட்டாபேஸ்

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறோம். "ரேம் போடுங்க" என்ற ஆலோசனையைக் கேட்டுப் பணத்தைப் போட்டவர்களில் எத்தனை பேர் இதைப் பார்த்திருப்பார்கள்?

எஸ்.க்யூ.எல் சர்வரில் 'எக்ஸ்பிரஸ்' என்று ஓர் இலவசப் பதிப்பு உண்டு. லைசென்ஸ் செலவு இல்லை என்பதால் சின்ன அலுவலகங்களுக்கு விற்கப்படும் சாஃப்ட்வேர்களோடு அதைத்தான் போட்டுக் கொடுப்பார்கள். தவறில்லை, நல்ல பதிப்புதான். ஆனால் அதற்கு எல்லைகள் உண்டு. 2016 முதல் 2022 வரையிலான எக்ஸ்பிரஸ் பதிப்புகள், டேட்டாவைச் சேர்த்து வைக்க ரேமில் 1410 எம்பி வரைதான் எடுத்துக்கொள்ளும். சுமார் 1.4 ஜிபி! சர்வரில் 64 ஜிபி இருந்தாலும் இதற்கு அது 1.4 தான். பிராசஸரிலும் 4 கோர் வரைதான் பயன்படுத்தும். ஒரு டேட்டாபேஸின் அளவு 10 ஜிபியைத் தாண்ட முடியாது. தாண்டும் நேரம் வந்தால் புதுப் பதிவு ஏறாது, பில் போடும்போது எரர் வரும்.

உங்கள் டேட்டாபேஸ் 8 ஜிபி வளர்ந்திருக்கிறது, ரேமில் 1.4 ஜிபிக்குத்தான் இடம் என்றால் என்ன ஆகும்? பழைய பில் ஒன்றைத் தேடும்போதெல்லாம் டிஸ்க்குக்கு ஓட வேண்டும். இந்த நிலையில் ரேம் வாங்குவது, இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு இருபது பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜை வாங்குவதற்குச் சமம்.

எந்தப் பதிப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது? எஸ்.க்யூ.எல் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் சர்வரின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸ் போனால், முதல் பக்கத்திலேயே இருக்கும். ஒரு நிமிட வேலை. ரேமுக்குப் பணம் கேட்பவரிடம் முதலில் இதைக் காட்டச் சொல்லுங்கள்.

எக்ஸ்பிரஸில் இன்னொரு விஷயமும் கவனிக்கணும். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகச் செய்யும் 'ஏஜென்ட்' அதில் கிடையாது. அதாவது யாராவது விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர் மூலமோ வேறு வழியிலோ ஏற்பாடு செய்திருந்தால் ஒழிய, பேக்கப் தானாக ஆகாது. மேலே பேக்கப்பைக் கண்ணால் பாருங்கள் என்று சொன்னது இதற்காகவும்தான். தவிர, எக்ஸ்பிரஸில் உருவாக்கிய டேட்டாபேஸ்களில் 'ஆட்டோ குளோஸ்' என்ற வசதி ஆன் ஆகியிருக்கலாம். யாரும் பயன்படுத்தாதபோது டேட்டாபேஸ் மூடிக்கொள்ளும். காலையில் முதலில் வருபவருக்கு மட்டும் சாஃப்ட்வேர் திறக்க நேரம் எடுத்தால், அதை ஆஃப் செய்து பாருங்கள்.

டிஸ்க்: அதிகம் பேர் பார்க்காத இடம், அதிகம் சிக்கல் இருக்கும் இடம்

பழைய வகை ஹார்டு டிஸ்க்கில் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. அதாவது விநாடிக்கு 120 சுற்று. வேண்டிய இடம் தலைக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, 4 மில்லி விநாடிக்குச் சற்று மேல். அதற்கு முன்பு தலை அந்த இடத்துக்கு நகர வேண்டும், அதற்குச் சுமார் 8 மில்லி விநாடி. ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கும் டேட்டாவை எடுக்கும்போது விநாடிக்கு 80 இடங்களைத் தொட்டாலே பெரிய விஷயம். சாதாரண எஸ்.எஸ்.டி இதையே விநாடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். 20 பேர் வேலை செய்யும் டேட்டாபேஸ் இன்னமும் சுற்றும் தட்டில் ஓடுகிறது என்றால், புது சர்வர் வேண்டாம். டேட்டாபேஸை நல்ல சர்வர் ரக எஸ்.எஸ்.டிக்கு மாற்றுவதே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

எப்படிப் பார்ப்பது? விண்டோஸ் சர்வரின் பல பதிப்புகளில் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் வரைபடம் தெரியாது. ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து டிஸ்க் பக்கத்துக்குப் போங்கள். 'ரெஸ்பான்ஸ் டைம்' என்ற வரிசையில் டேட்டாபேஸ் ஃபைல்களுக்கு நேராக 10-க்குள் இருந்தால் நலம். 20, 30 என்று நிலையாக நின்றால் டிஸ்க் திணறுகிறது. நூற்றுக்கணக்கில் என்றால் கவுன்ட்டரில் வட்டம் சுற்றுவதில் ஆச்சரியமே இல்லை.

டிஸ்க்கில் இருந்து ஒரு பதில் வர 15 விநாடிக்கு மேல் ஆனால், எஸ்.க்யூ.எல் சர்வர் அதைத் தன் எரர் லாகில் எழுதி வைத்துவிடும். அந்த வரி லாகில் இருந்தால் சாஃப்ட்வேர் காரர் மேல் பழி போட வேண்டாம், அவர் தப்பித்தார்! உடனே டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள்.

நேற்று வரை நன்றாக ஓடிய சர்வர் இன்று திடீரென்று எழுதும் வேலையில் மட்டும் படுத்துவிட்டதா? ரெய்டு கார்டில் ஒரு குட்டி பேட்டரி இருக்கும். எழுத வேண்டியதைத் தன் நினைவில் வாங்கிக்கொண்டு "எழுதியாச்சு" என்று உடனே சொல்லிவிடும் வசதி, அந்த பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது. பேட்டரி செத்தால் கார்டு பாதுகாப்புக்காக அந்த வசதியை நிறுத்திவிடும். ஒவ்வொன்றையும் டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகுதான் பதில் சொல்லும். சாஃப்ட்வேரில் யாரும் எதையும் மாற்றவில்லை, ஆனாலும் எல்லாம் மெதுவாகிவிடும். ரெய்டில் ஒரு டிஸ்க் போய் மற்றது ரீபில்ட் ஆகும்போதும் இதே கதைதான். சர்வரின் முன்பக்கம் ஆரஞ்சு விளக்கு எரிகிறதா என்று போய்ப் பாருங்கள். மாதக்கணக்கில் எரிந்துகொண்டிருக்கும், ஏசி அறைக்குள் யார் போய்ப் பார்க்கிறார்கள்?

ஆன்டிவைரஸ் ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸ் ஃபைலைத் தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாலும் டிஸ்க் திணறும். எம்.டி.எஃப், என்.டி.எஃப், எல்.டி.எஃப் ஃபைல்களை ஸ்கேனில் இருந்து விலக்கச் சொல்லி மைக்ரோசாஃப்டே பரிந்துரைக்கிறது. கவனம்: அந்த ஃபைல்களை மட்டும். ஸ்லோவாக இருக்கிறது என்று ஆன்டிவைரஸையே கழற்றிவிடாதீர்கள்.

எல்லாம் நல்லா இருக்கு, ஆனா எல்லாரும் ஹேங்க்!

இது ஒரு தனி ரகம். சி.பி.யூ 5 சதவீதம், டிஸ்க் சும்மா இருக்கிறது. ஆனால் எட்டு கவுன்ட்டரும் உறைந்து நிற்கிறது. ஐந்து நிமிடம் கழித்து, யாரும் எதுவும் செய்யாமலேயே எல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும்.

பெரும்பாலும் நடந்தது இதுதான்: ஒருவர் பில்லை சேவ் செய்தார். "பிரின்ட் எடுக்கவா?" என்று ஒரு கட்டம் வந்தது. அதை அழுத்தாமல் டீ குடிக்கப் போய்விட்டார். சாஃப்ட்வேர், அந்த பில் தொடர்பான டேட்டாவைப் பூட்டி வைத்துக்கொண்டு அவர் பதிலுக்காகக் காத்திருக்கிறது. அதே ஸ்டாக் கணக்கைத் தொட வேண்டிய மற்ற எல்லோரும் அவருக்குப் பின்னால் வரிசையில். அவர் திரும்பி வந்து 'யெஸ்' அழுத்தியதும் வரிசை கலைகிறது.

உறைந்து நிற்கும்போதே மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் 'ஆக்டிவிட்டி மானிட்டர்' திறந்தால் (கன்ட்ரோல், ஆல்ட், ஏ) பிராசசஸ் பட்டியலில் 'ஹெட் பிளாக்கர்' என்ற வரிசை இருக்கும். அதில் 1 என்று இருப்பவர்தான் வரிசையின் தலை. பக்கத்திலேயே அவருடைய கம்ப்யூட்டரின் பெயரும் இருக்கும். அந்த இணைப்பைக் 'கில்' செய்ய வேண்டாம், செய்தால் அவர் போட்ட பில் திரும்பிவிடும். எழுந்து போய் அந்தக் கம்ப்யூட்டரில் பட்டனை அழுத்துங்கள். ஆனால் டீ குடிக்கப் போனவரைத் திட்டாதீர்கள். பயனரின் பதிலுக்காகப் பூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது சாஃப்ட்வேர் எழுதியவரின் தவறு. அந்தத் திரையை போட்டோ எடுத்து அவருக்கே அனுப்புங்கள். இதற்கு ரேமும் எஸ்.எஸ்.டியும் மருந்தில்லை.

"ரெண்டு வருஷம் முன்னாடி நல்லாத்தான் ஓடுச்சு..."

ஓடியிருக்கும். அப்போது 20 ஆயிரம் நோயாளிகள், இப்போது 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நோயாளி எண்ணை வைத்துத் தேடினால் உடனே வருகிறது, போன் நம்பரை வைத்துத் தேடினால் 12 விநாடி ஆகிறது என்றால், போன் நம்பருக்கு இன்டெக்ஸ் இல்லை. 3 லட்சம் வரிகளையும் முதலில் இருந்து கடைசி வரை படித்துத் தேடுகிறது. 20 ஆயிரமாக இருந்தபோதும் அப்படித்தான் படித்தது, நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதை சாஃப்ட்வேர் நிறுவனம்தான் சரி செய்ய வேண்டும். எந்த இன்டெக்ஸ் இருந்தால் உதவும் என்று எஸ்.க்யூ.எல் சர்வரே சில நேரம் பச்சை எழுத்தில் ஆலோசனை சொல்லும். ஆனால் அது சொல்வதை எல்லாம் போட்டால், ஒவ்வொரு பில் சேவ் ஆகும்போதும் அத்தனை இன்டெக்ஸையும் திருத்த வேண்டிவரும், சேவ் ஸ்லோ ஆகும். பெயரின் நடுவில் வரும் எழுத்தை வைத்துத் தேடினால் சாதாரண இன்டெக்ஸ் இருந்தும் பெரிதாகப் பயன் இருக்காது என்பதையும் ஊழியர்களிடம் சொல்லுங்கள். பெயரின் முதல் எழுத்துகளை அடித்துத் தேடும் வசதி இருந்தால் அதுதான் வேகம்.

யாராவது "டேட்டாபேஸை ஷ்ரிங்க் பண்ணிடலாம், ஸ்பீட் ஆகிடும்" என்று சொன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். அது ஃபைலின் அளவைக் குறைக்கும், உள்ளே இன்டெக்ஸ்களைக் கலைத்துப் போட்டுவிடும். வேகம் குறையத்தான் வாய்ப்பு. அடுத்த வாரமே ஃபைல் மறுபடி வளரும்.

மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவே திறக்க மாட்டேங்குதா?

இது டெக்னீஷியன்களுக்கு. சர்வரில் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவைத் திறக்கவே ஒரு நிமிடம் ஆகிறது, திறந்த பிறகு வேகமாக இருக்கிறது என்றால், அந்த சர்வருக்கு இன்டர்நெட் இல்லையா என்று பாருங்கள். புரோகிராமின் டிஜிட்டல் கையெழுத்து இன்னும் செல்லுபடியாகிறதா, ரத்தாகிவிட்டதா என்று விண்டோஸ் இன்டர்நெட்டில் கேட்கப் பார்க்கும். பதில் வராது. நேரம் முடியும் வரை காத்திருந்துவிட்டுத்தான் திறக்கும். இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பக்கத்தில் இந்தச் சோதனையை நிறுத்தலாம். ஃபயர்வாலில் அந்த முகவரிகளுக்கு மட்டும் வழி விடுவது அதைவிடப் பாதுகாப்பானது.

ஸ்லோ இல்ல, இது தாக்குதல்!

கடையைப் பூட்டிய பிறகும், யாருமே வேலை செய்யாத நள்ளிரவிலும் சி.பி.யூ 90 சதவீதத்தில் நிற்கிறதா? பட்டியலில் கேள்விப்படாத பெயரில் ஒரு புரோகிராம் ஓடுகிறதா? உங்கள் மின்சாரத்தில், உங்கள் சர்வரில் யாரோ கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருக்கலாம்.

வீட்டில் இருந்து வேலை பார்க்க வசதியாக ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டையோ, எஸ்.க்யூ.எல்லின் 1433 போர்ட்டையோ இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருக்கும் அலுவலகங்களில் இது நடக்கிறது. எஸ்.க்யூ.எல் எரர் லாகைத் திறந்து பாருங்கள். தெரியாத ஐபி முகவரிகளில் இருந்து 'எஸ்ஏ' என்ற கணக்குக்கு நிமிடத்துக்கு நிமிடம் 'லாகின் ஃபெயில்டு' என்று வரிசையாக இருந்தால், யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தத் தட்டலே சர்வரை மெதுவாக்கும். ஒரு நாள் பாஸ்வேர்டு சிக்கினால் என்ன ஆகும்?

2022 நவம்பர் 23-ம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் ரேன்சம்வேர் தாக்குதலில் முடங்கியபோது, நோயாளிகள் பதிவு, பில், ரிப்போர்ட் எல்லாம் கையால் எழுதும் நிலைக்குப் போனது. நாட்டின் முதன்மை மருத்துவமனைக்கே அந்த நிலை.

சர்வர் திடீரென்று ஸ்லோ ஆகி, ஃபைல்களின் பெயருக்குப் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம். சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். பேக்கப் டிஸ்க் சொருகியிருந்தால் அதையும் கழற்றுங்கள். சர்வரை ஆஃப் செய்ய அவசரப்பட வேண்டாம், விசாரணைக்கு உதவும் தடயம் ரேமில் இருக்கலாம். தேசிய சைபர் கிரைம் போர்ட்டலிலோ 1930 எண்ணிலோ புகார் செய்யலாம். இப்படிப்பட்ட தாக்குதலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும் என்று செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது.

வெண்டருக்கு எப்படிச் சொல்லணும்?

"சார், சாஃப்ட்வேர் ரொம்ப ஸ்லோ" என்று அனுப்பினால், "ரேம் போடுங்க" என்றுதான் பதில் வரும். நோட்டை வைத்துக்கொண்டு இப்படி அனுப்பிப் பாருங்கள்:

"செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் காலை 10 முதல் 11 வரை, எல்லா கவுன்ட்டரிலும், போன் நம்பர் வைத்து நோயாளியைத் தேடும் ஸ்கிரீன் 12 விநாடி எடுக்கிறது. நோயாளி எண் வைத்துத் தேடினால் 1 விநாடி. சர்வரிலேயே திறந்து பார்த்தாலும் 12 விநாடிதான். அப்போது டிஸ்க் ரெஸ்பான்ஸ் 8 மில்லி விநாடி, பிங் 1-க்குள். பதிப்பு ஸ்டாண்டர்டு. ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன்."

இதற்கு "ரேம் போடுங்க" என்று பதில் எழுத யாருக்கும் கை வராது. அவர்கள் வந்து சரி செய்யும்போது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யச் சொல்லுங்கள். எதை மாற்றினார்கள், எத்தனை மணிக்கு மாற்றினார்கள் என்று அதே நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை 10 மணிக்கு அதே ஸ்கிரீனைத் திறந்து, விநாடியை எண்ணிப் பாருங்கள்.